குடும்பத்து சூரியகாந்தி விதையை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: மூன்று தலைமுறையாக ஒரு கறுப்பு விதைச் சூரியகாந்தியைப் பயிரிட்டு வருகிறோம். இம்முறை சில செடிகளில் வரியோடிய விதை வந்தது. விதை முழுவதையும் கொடுத்தால் விதை வங்கியில் சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு மணிகூடக் கொடுக்காதீர்கள். வங்கிக்கு நீங்களே எழுதலாம். நடுவில் ஆள் தேவையில்லை. 2004-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு விதை ஒப்பந்தத்தில் சூரியகாந்தியும் உண்டு. அந்த ஏற்பாட்டின்படி வங்கியிலிருந்து விதை வாங்குபவர், வாங்கிய விதைக்கு அப்படியே தனியுரிமை கோர முடியாது. தரகர் கைக்குப் போன விதைக்கு அந்தக் காவல் கிடையாது. முழுவதையும் கேட்பவர் சேமிக்க வருபவரே அல்ல.

வரி வந்தது தேனீயின் வேலை. எங்கோ பூத்த வேறு ரகத்தின் மகரந்தம் ஏறிவிட்டது. அடுத்த விதைப்பில், இதழ் விரியும் முன்பே பூக்கொண்டைகளை மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்கள். பழைய ரகங்கள் பல தன் மகரந்தத்தில் சரியாக மணி பிடிக்காது. அதனால் காலையில் துணியை அவிழ்த்து, மென்தூரிகையால் ஒரு செடியின் மகரந்தத்தை அடுத்த செடிக்குத் தடவி, மீண்டும் கட்டுங்கள். பூ விளிம்பிலிருந்து நடுவுக்கு மலர்வதால் ஒரு வாரத்துக்கு மேலும் இதைத் தொடர வேண்டியிருக்கும். ஒரே ஒரு அழகான கொண்டையில் விதை எடுக்காதீர்கள். பல செடிகளின் விதையைக் கலந்தால்தான் அது ரகம்.

எண்ணெய் வித்து சீக்கிரம் கெடும். நிழலில் உலர்த்தி, எடைக்கு எடை சிலிக்கா ஜெல்லுடன் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) மூடிய புட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். பருப்பு வளையாமல் சட்டென்று ஒடிய வேண்டும். ஈரத்தோடு உறைய வைத்தால் கரு செத்துவிடும். வங்கி இதை மைனஸ் 18 டிகிரியில் வைக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புதிதாக அறுத்த சூரியகாந்தி விதை சில வாரங்கள், சமயத்தில் மாதங்கள்கூட உறங்கும். உயிர் இருக்கும், முளைக்காது. நான் அனுப்பிய புது விதையை ஒரு வங்கி உடனே சோதித்து, ‘முளைப்புத்திறன் இல்லை’ என்று ஒற்றை வரியில் திருப்பியது. மீதியை இரண்டு மாதம் கழித்து விதைத்தேன். பாத்தி நிறைய முளைத்தது. ஊர், பேர், உயரம் எல்லாம் கேட்ட அவர்கள் படிவத்தில் அறுவடைத் தேதிக்குக் கட்டமே இல்லை! உறையின் மேல் தேதியைப் பெரிதாக எழுதுங்கள். முளைக்கவில்லை என்றால் உறக்கத்தைக் கலைத்து மறுபடி சோதிக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

பாதி விதையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு மீதியை மட்டும் அனுப்புங்கள்.