வெள்ளை ஃப்ளட் லைட்டில் பவளம் பழுப்பாகிறதா?

கடல்நீர் மீன்தொட்டியில் பவளம் பழுப்பாகிறது, 50 வாட் வெள்ளை ஃப்ளட் லைட்டோடு இன்னொன்றைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்க்க வேண்டாம். இரண்டடித் தொட்டி, பவளத்தில் ஜோவாந்தஸ், மஷ்ரூம் என்ற இரண்டு வகைகள் மட்டும்தான் என்கிறீர்கள். 3 வாட் எல்இடிகளில் ராயல் ப்ளூ (450 நானோமீட்டர் அலைநீள நீலம்) 12, கூல் ஒயிட் 6 போதும். இரண்டுக்கும் தனித்தனி டிரைவர் (எல்இடிக்குச் சீரான மின்னோட்டம் தரும் கருவி).

பவளத்துக்குள் வாழும் பாசிக்கு நீல ஒளிதான் முக்கியத் தீனி. அது குறைந்ததால் பழுப்பாகியிருக்கலாம். தொட்டி நீரில் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் ஏறினாலும் இதே பழுப்பு வரும். அதனால் காசைப் போடும் முன் நைட்ரேட் டெஸ்ட் ஒன்று செய்துவிடுங்கள்.

12 நீலத்தையும் தொடராக இணைத்தால் சுமார் 40 வோல்ட் கேட்கும். 700 மில்லிஆம்ப் கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவரின் வோல்டேஜ் வரம்புக்குள் அது வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள், டிம்மரோடு. எல்இடியின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

அப்புறம், முதல் நாளே முழு ஒளி வேண்டாம், பவளம் வெளுத்துவிடும். குறைவாகத் தொடங்கி சில வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள்.