அம்மாவின் கடிதம்

அன்புள்ள ஐயா,

1920-இல், பெண்கள் வாக்குரிமைச் சட்டத்துக்குத் தேவைப்பட்ட கடைசி மாநில ஒப்புதலுக்காக அமெரிக்காவின் டென்னசி சட்டமன்றத்தில் நடந்த ஓட்டெடுப்பில், ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர், அம்மாவின் கடிதத்தால் மனம் மாறி ஓட்டுப் போட்டார், அதனால்தான் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தார்கள் என்று படித்தேன். அழுதுவிட்டேன். அந்த நாட்டில் இன்னும் ஒரு பெண் ஜனாதிபதியாக முடியவில்லையே, ஏன்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நானும் சில நாட்களாக அந்த அம்மாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகனின் கோட்டில் பெண்கள் வாக்குரிமை எதிர்ப்பாளர்களின் சிவப்பு ரோஜா, பைக்குள் அம்மாவின் கடிதம். எனக்கும் பிடித்த காட்சி.

ஜனாதிபதி விஷயமா? 2016-இல் ஹிலாரி கிளின்டன் அதிக ஓட்டு வாங்கியும் தோற்றார். அங்கே மொத்த ஓட்டை அல்ல, மாநிலவாரியான தேர்வாளர்களின் ஓட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். கமலா ஹாரிஸ் தோற்றதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அதை விடுங்கள்.

'கொடுத்தார்கள்' என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்ன, பொங்கலுக்கு வேட்டி சேலையா கொடுத்தார்கள்? நியூயார்க் மாநிலத்து செனிகா ஃபால்ஸ் ஊரில் பெண்கள் கூடி வாக்குரிமை கேட்டது 1848-இல். கிடைக்க 72 வருஷம். 1872-இல் ஓட்டுப் போட்ட குற்றத்துக்காக, வாக்குரிமைப் போராளி சூசன் ஆண்டனிக்கு 100 டாலர் அபராதம். கடைசிவரை கட்டவில்லை அந்த மகராசி. 1917-இல் வெள்ளை மாளிகை வாசலில் பதாகை பிடித்து நின்றவர்களைச் சிறையில் போட்டார்கள். உண்ணாவிரதம் இருந்தவர்களுக்குக் குழாய் செருகி உணவு ஊற்றினார்கள். நீங்களோ மொத்தக் கண்ணீரையும் அம்மா சென்டிமென்டுக்கே செலவழித்துவிட்டீர்கள்.

சரி, 1920-இலாவது எல்லாப் பெண்களுக்கும் கிடைத்ததா? மிசிசிப்பியில் பருத்திப் பண்ணை வேலைக்காரி ஃபேனி லூ ஹேமர், கறுப்பினப் பெண். தனக்கும் ஓட்டு உண்டு என்பதே 1962-இல்தான் அவருக்குத் தெரிந்தது. பெயர் பதியப் போனால் பரீட்சை வைத்தார்கள்: மாநில அரசியல் சாசனத்தில் ஒரு சட்டப் பிரிவுக்கு விளக்கம் எழுது! குதிரைக்குக் கிறிஸ்துமஸைப் பற்றி என்ன தெரியுமோ அதுதான் எனக்கும் தெரிந்தது என்று பிறகு சிரித்தார். அன்று ராத்திரியே பண்ணைக்காரன், மனுவைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் வெளியே போ என்றான். 18 வருஷம் உழைத்த இடம். உங்களுக்காகவா பதியப் போனேன், எனக்காகத்தானே என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

அப்புறம் மறுபடி பரீட்சை எழுதித் தேறினார். அப்போதும், ஓட்டுப் போடுவதற்கென்றே கட்ட வேண்டிய தேர்தல் வரியின் ரசீது இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

1964-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குப் போட்டியிட, ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலில் நின்றார். தோற்றார். ஆனால் வாழ்க்கையில் அவர் போட்ட முதல் ஓட்டு அதில்தான். தனக்கே போட்டுக்கொண்டார்.