வண்டியைத் தாழ்த்தும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: ஹிமாலயன் 450 பைக் எடுத்திருக்கிறேன். உயரம் ஐந்தடி நான்கு. தருமபுரி நாலு ரோட்டில் நின்றால் நுனிக்கால்தான் ஊன்ற முடிகிறது. பின்பக்கத்தைத் தாழ்த்திவிடலாமா?
– பென்னாகரம் வாசகர்

பதில்: சீட்டிலிருந்து தொடங்குங்கள், தம்பி. உங்கள் சீட்டை 825, 845 மில்லிமீட்டர் என இரண்டு உயரத்தில் மாட்டலாம். எதில் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனியே விற்கும் தாழ்ந்த சீட் 805-க்கு இறங்கும். அந்த 20 மில்லிக்கு சஸ்பென்ஷனில் ஒரு போல்ட்டையும் தொட வேண்டாம்; பிடிக்காவிட்டால் பழைய சீட்டை மாட்டிக்கொள்ளலாம்.

பிறகு ஸ்பிரிங். பின் சக்கரம் தரையில் படாமல் தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே ஏதாவது ஒரு போல்ட் வரை அளந்து குறியுங்கள். ஹெல்மெட், ஷூ, பையோடு ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். பின் சக்கரம் மொத்தம் 200 மில்லி ஏறி இறங்கும். நீங்கள் உட்கார்ந்ததும் 60 போல இறங்கினால் சரி. 40-தான் என்றால் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் இறுக்கம்) தளர்த்துங்கள், கால் எட்டும். ஏற்கெனவே 60 என்றால் தளர்த்தாதீர்கள், வேகத்தடையில் அடி தட்டும்.

கேள்வி: கேடிஎம் 390 அட்வென்ச்சரின் பின் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் தாழ்ந்துவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– பாலக்கோடு வாசகர்

பதில்: கூடாது. மெக்கானிக்கையும் மாற்றுங்கள்.

கேள்வி: பழைய ஹிமாலயன் 411-க்குக் கடையில் லோயரிங் லிங்க் (பின்பக்கத்தைத் தாழ்த்த, ஷாக்கோடு இணைக்கும் இரண்டு பட்டைகள்) போட்டேன். ஒரு இஞ்ச் என்றார், இரண்டு இஞ்ச் இறங்கிவிட்டது. மனைவியோடு தொப்பூர் கணவாயில் வரும்போது டயர் உள்பக்க மட்கார்டில் உரசியது. கழற்றிப் பார்த்தால் இரண்டு பட்டையும் ஒரே நீளமில்லை. பில் தரவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்கிறார்.
– காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, ஐயா. உங்களுக்கு விற்றது பழுதான பொருள். லிங்கை மாற்றினாலும் ஷாக் அப்சார்பர் அமுங்கும் தூரம் குறைவதில்லை. வண்டி இரண்டு இஞ்ச் கீழே வந்துவிட்டதால், ஷாக் முழுக்க அமுங்கும்போது சக்கரம் முன்பு எட்டாத இடத்துக்கு ஏறுகிறது. அதனால்தான் உரசல். ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் கடைசி வரை தூக்கிப் பார்த்த பிறகே கடைக்காரர் வண்டியைக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தப் பட்டை லிங்க் விஷயத்தில் எனக்குத் தீராத ஆத்திரம் உண்டு. பின் சக்கரத்தின் சுமை முழுக்க அந்த இரண்டு துண்டுகள் வழியாகத்தான் போகிறது. அதைச் சாதாரண இரும்புப் பட்டையில் டிரில் போட்டு விற்கிறார்கள். நான் வாங்கிய ஒரு ஜோடியில் துளைகளின் இடைவெளி ஒன்றுக்கொன்று ஒரு மில்லி மாறியிருந்தது. அப்படி மாட்டினால் போல்ட் சாய்ந்து உட்காரும், நீடில் பேரிங் ஒரு பக்கமாகத் தேயும், துளை முட்டை வடிவாகும். வாங்கும்போதே இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரு துளையிலும் போல்ட் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் நுழையாவிட்டால் காசு கொடுக்காதீர்கள்.

இப்போதைக்குப் பழைய லிங்கையே மாட்டுங்கள். நட்டை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பானர்) சர்வீஸ் கையேட்டின் அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-ன்படி பில் தராததே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிக்காதபோது, பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. கடைச் சுவரில் எழுதி வைத்தால் சட்டம் மாறிவிடாது. பணம் அனுப்பிய ஜிபே பதிவு, வெர்னியரில் அளந்த படம், உரசிய டயரின் படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் கடைக்குப் பதிவுத் தபால், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டு அவகாசம், பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

கேள்வி: ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்த லிங்கை ஆன்லைனில் வாங்கினேன். என் பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ்ஸில் மாட்ட இடமே இல்லை.
– ஓசூர் வாசகர்

பதில்: உங்கள் வண்டியில் லிங்கே கிடையாது, ஷாக் நேராக ஸ்விங்ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) மாட்டியிருக்கிறது. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உங்கள் ஊரிலேயே தயாரான வண்டி இது! உடனே ரிட்டர்ன் போடுங்கள். 835 மில்லி சீட்டுக்குப் பதில் 820-ல் கம்பெனி சீட் உண்டு.

கேள்வி: பின்பக்கம் 30 மில்லி தாழ்த்தினேன். வளைவில் ஹேண்டில் மந்தமாகத் திரும்புகிறது, ஹெட்லைட் மரத்தைக் காட்டுகிறது, சைடு ஸ்டாண்டில் வண்டி நிமிர்ந்து நிற்கிறது.
– அரூர் வாசகர்

பதில்: பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் மூக்கு தூக்கும், மூன்றும் அதனால்தான். முன் ஃபோர்க் குழாயை, அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் மேலே ஏற்றிச் சமன் செய்யுங்கள். ஐந்து ஐந்து மில்லியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் முன் டயரும் மட்கார்டும் மேலே எதிலும் இடிக்கவில்லை என்று பாருங்கள். ஹெட்லைட்டை அதற்குப் பிறகு திருத்துங்கள். ஸ்டாண்டைக் குட்டையாக்கும் வரை வலப்பக்கம் சரிவான இடத்தில் நிறுத்தாதீர்கள், காற்றடித்தாலே விழும்.