மைன்கிராஃப்ட்டில் குதிரையைப் பழக்குவது எப்படி? புதிதாக ஆடுபவர் எதில் கவனம் வைக்க வேண்டும்?

புதிதாக ஆடுபவர்கள் பொதுவாக மூன்று தொல்லைகளைச் சொல்வார்கள். ஏறினால் கீழே தள்ளுகிறது, பழகிய பிறகும் சொன்ன பக்கம் போவதில்லை, எவ்வளவு ஊட்டினாலும் வேகம் கூடவில்லை. முதல் இரண்டும் ஐந்து நிமிடத்தில் தீரும். மூன்றாவதற்கு ஊட்டுவதால் பயனே இல்லை. இந்த விளையாட்டில் ஒரு குதிரையின் ஓட்டம், தாவல், உயிர் மூன்றும் அது பிறக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. பிறகு எத்தனை கோல்டன் ஆப்பிள் (தங்கம் சேர்த்துச் செய்யும் ஆப்பிள்) கொடுத்தாலும் மாறாது. நல்ல குதிரை வேண்டுமென்றால் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் இனப்பெருக்கம் செய்து உருவாக்க வேண்டும்.

முதலில் பழக்குவது. ஒவ்வொரு காட்டுக் குதிரைக்கும் 'டெம்பர்' என்று கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று உண்டு. 0-இல் தொடங்கி 100 வரை போகும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் விளையாட்டு 0 முதல் 99 வரை ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கிப் போடும். அந்த எண் டெம்பரைவிடக் குறைவாக இருந்தால் இதயங்கள் பறக்கும், குதிரை உங்களுடையது. இல்லையென்றால் தள்ளிவிடும், ஆனால் டெம்பர் 5 ஏறும். ஆக, எதுவும் ஊட்டாமல் முதல் தடவை ஏறினால் கட்டாயம் விழுவீர்கள். அது உங்கள் தவறில்லை. விழ விழ மறுபடி ஏறுங்கள், சராசரியாக ஆறு தடவையில் படிந்துவிடும்.

ஏறும்போது கை காலியாக இருக்கட்டும். கையில் ஏதாவது பொருளோடு கிளிக் செய்தால் ஏறுவதற்குப் பதில் அதை ஊட்டப் பார்க்கும், வேண்டாத பொருளாக இருந்தால் குதிரை முரண்டு பிடிக்கும். புதியவர்கள் பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான்.

விழ அலுப்பாக இருந்தால் ஊட்டலாம். சர்க்கரை, கோதுமை, ஆப்பிள் எதுவானாலும் ஒன்றுக்கு 3 ஏறும். கோல்டன் கேரட்டுக்கு 5, கோல்டன் ஆப்பிளுக்கு 10. கரும்பு ஒன்றுக்கு ஒரு சர்க்கரை கிடைப்பதால் அதுதான் மலிவு. பத்துப் பதினைந்து கொடுத்துவிட்டு ஏறினால் இரண்டு மூன்று தடவையில் வேலை முடியும். ஹே பேல் என்கிற வைக்கோல் கட்டு டெம்பரை ஏற்றாது, காயத்தை ஆற்ற மட்டும்தான். தங்கத்தை இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம்.

பழகிய குதிரை சொன்ன பக்கம் போகாததற்குக் காரணம் சேணம் இல்லாதது. சேணம் இல்லாவிட்டால் உங்களைச் சுமந்துகொண்டு அது தன் போக்கில்தான் அலையும். குதிரைமேல் இருந்தபடி இன்வென்டரியை (பொருள்கள் இருக்கும் திரையை) திறந்து சேணத்தை அதன் கட்டத்தில் வையுங்கள். 2025 ஜூனில் வந்த 1.21.6 பதிப்பு முதல் மூன்று தோல், ஓர் இரும்பு இங்காட் (உலோகக் கட்டி) இருந்தால் நாமே செய்துகொள்ளலாம். அதற்கு முந்தைய பதிப்பு என்றால் பெட்டிகளில் தேட வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், அல்லது கடைசி நிலைக்கு வந்த கிராமத்துத் தோல் வேலைக்காரரிடம் வாங்க வேண்டும்.

இனி குதிரையை எடைபோடுவது. நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள், நிறத்துக்கும் திறனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. உயிர் எவ்வளவு என்பது ஏறிய உடனே திரையில் தெரிந்துவிடும்: ஏழரை இதயம் முதல் பதினைந்து வரை. வேகத்தைத்தான் அளக்க வேண்டும். சமதளத்தில் 100 பிளாக் (இந்த விளையாட்டு உலகின் கனசதுரக் கட்டம்) நீளத்துக்கு இரண்டு முனையிலும் அடையாளம் வைத்து, பத்து பிளாக் முன்னாலிருந்தே ஓடி வந்து நேரம் பாருங்கள். காட்டுக் குதிரையின் வேகம் நொடிக்கு 4.86 பிளாக் முதல் 14.57 வரை இருக்கும். 7 நொடிக்குள் முடித்தால் உச்சத்தில் இருக்கிறது. 10 நொடி என்றால் சராசரி. நீங்கள் காலால் ஓடினாலே கிட்டத்தட்ட 18 நொடியில் போய்விடுவீர்கள், அதற்கும் மேல் எடுக்கும் குதிரையை அங்கேயே விட்டுவிடுங்கள். மூன்று குலுக்கல்களைக் கூட்டித்தான் வேகம் அமைகிறது. அதனால் நடுத்தரக் குதிரைகள் நிறையக் கிடைக்கும், உச்சம் மிக அரிது.

தாவலுக்கு 2, 3, 4, 5 பிளாக் உயரத்தில் கல்சுவர்களைக் கட்டிப் பாருங்கள். மட்டமான குதிரை ஒரு பிளாக்குக்குச் சற்று மேலேதான் எழும்பும், மிக நல்லது ஐந்தைத் தாண்டும். தாவல் பொத்தானை அரை நொடி அழுத்தினால் பட்டை நிரம்பிவிடும், அப்போதே விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தால் பலம் சரியத் தொடங்கும். நல்ல குதிரை மட்டமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தங்கம் செலவாக வேண்டிய இடம் இனப்பெருக்கம். இரண்டு குதிரைகளுமே பழகியவையாக, முழு உயிரோடு, யாரும் ஏறாமல் இருக்க வேண்டும். அரை இதயம் குறைந்திருந்தாலும் சேராது, ஆகவே முதலில் கோதுமை கொடுத்து ஆற்றிவிடுங்கள். பிறகு ஆளுக்கொரு கோல்டன் கேரட். கோல்டன் ஆப்பிளும் இதே வேலையைத்தான் செய்யும், ஆனால் அதற்கு எட்டு கோல்ட் இங்காட் போகும். கேரட்டுக்கு எட்டு நக்கெட் (சிறு தங்கத் துணுக்கு) போதும், அதாவது ஓர் இங்காட்டுக்கும் குறைவு.

2023 மார்ச்சில் வந்த 1.19.4-க்கு முன்பு, பெற்றோர் இருவரோடு மூன்றாவதாக ஒரு தற்செயல் மதிப்பையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். எவ்வளவு நல்ல ஜோடியானாலும் குட்டி நடுத்தரத்தை நோக்கி இழுபடும். பழைய வீடியோக்களில் 'இனப்பெருக்கம் வீண்' என்று சொல்வது அதனால்தான். இப்போது கணினிக்கான ஜாவா பதிப்பில் பெற்றோரின் சராசரியைச் சுற்றித்தான் குட்டியின் மதிப்பு அமையும். நொடிக்கு 12 பிளாக் ஓடும் இரண்டைச் சேர்த்தால் குட்டி சுமார் 10.5-க்கும் 13.5-க்கும் இடையில் வரும், பெரும்பாலும் 12-ஐ ஒட்டி. ஆகவே ஒரே ஜோடியில் நாலைந்து குட்டி எடுங்கள், ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பெற்றோரை மிஞ்சிய இரண்டை வைத்துக்கொண்டு அவற்றை அடுத்த ஜோடியாக்குங்கள். வேகம், தாவல், உயிர் மூன்றையும் ஒரே சமயத்தில் துரத்தினால் எதுவும் நகராது. முதலில் வேகம் மட்டும்.

குட்டி வளர 20 நிமிடம். அவசரம் என்றால் சர்க்கரை ஒன்றுக்கு 30 நொடி குறையும், கோதுமைக்கு 20 நொடி, ஆப்பிளுக்கு ஒரு நிமிடம். ஒன்பது கோதுமையில் செய்யும் ஹே பேல் மூன்று நிமிடம் குறைக்கும். தனித்தனியாக ஊட்டினாலும் அதே மூன்று நிமிடம்தான், கட்டாக்கினால் கிளிக் மட்டும் மிச்சம். பெற்றோர் பழகியவை என்பதால் குட்டியும் பழகியதாகிவிடாது. வளர்ந்ததும் மறுபடி ஏறி விழுந்துதான் பழக்க வேண்டும்.

லாயத்துக்கு வேலி போதும். ஆனால் குதிரையின் அகலம் 1.4 பிளாக், ஒற்றைக் கேட்டில் நுழையாது. இரண்டு கேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

மூட்டை சுமக்கத்தான் வேண்டுமென்றால் கழுதையைப் பழக்குங்கள், முறை இதேதான். பெட்டி மாட்டினால் 15 கட்டம் கிடைக்கும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. குதிரையையும் கழுதையையும் சேர்த்தால் கோவேறு கழுதை வரும், அதுவும் பெட்டி சுமக்கும், ஆனால் குட்டி போடாது. அதனால் உங்களிடம் உள்ள மிக நல்ல குதிரையின் வரிசையைக் குதிரைகளோடு முடித்துவிட்டுக் கடைசியில் கழுதையோடு சேருங்கள்.