கராஜ் கதவை எதில் செய்வது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதிதாக வீடு கட்டி வருகிறோம். ஒரு கார் நிற்கும் அளவுக்குக் கராஜும் உண்டு. மேல்நோக்கித் திறக்கும் கதவுதான் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதை இரும்பில் செய்வதா, அலுமினியத்தில் செய்வதா, வாசற்கதவுக்குப் பொருத்தமாக மரத்தில் செய்வதா என்பதில் வீட்டில் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறோம். தாங்கள் ஒன்றைச் சொன்னால் அதையே போட்டுவிடுகிறோம்.

பதில்: ஒன்றைச் சொல்வதில் தயக்கமில்லை, ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்டால் மற்ற இருவரின் வருத்தமும் என் தலையில் விழும். மூவரும் அழகையும் விலையையும் வைத்தே வாதிட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இந்தக் கதவைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது எடை. வாசற்கதவு கீலில் தொங்கியபடி பக்கவாட்டில் திரும்புகிறது; கராஜ் கதவோ ஒவ்வொரு முறையும் தன் முழு எடையோடு மேலே ஏறி இறங்குகிறது.

2.4 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் கொண்ட கதவு என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். 0.6 மி.மீ. எஃகுத் தகட்டை ஒற்றை அடுக்காகப் போட்டால் தகட்டின் எடை மட்டும் ஏறத்தாழ 24 கிலோ வரும். அலுமினியத்தைக் கூடுதல் தடிமனாக 1 மி.மீ. போட்டாலும் 14 கிலோவுக்குள் அடங்கிவிடும். அதே பரப்புக்கு 40 மி.மீ. கனத்தில் தேக்குப் பலகை அடித்தால் 130 கிலோவை எட்டும். சட்டம், கீல், உருளைகள் ஆகியவற்றின் எடை இவற்றுக்கு மேல். மரக்கதவைத் தூக்கும் ஸ்பிரிங், கம்பிவடம், மோட்டார் என எல்லாமே பெரிதாக வேண்டும். அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் அவ்வளவு எடையும் யார் கையிலாவது வந்து நிற்கும்.

மரத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஈரக்காற்றில் அது இழைக்குக் குறுக்காக உப்பும். வறண்ட காலத்தில் சுருங்கும். கராஜ் கதவின் வெளிப்புறத்தில் வெயிலும் மழையும் படுகின்றன, உட்புறமோ நிழலிலேயே கிடக்கிறது. இரு முகங்களும் இப்படி வெவ்வேறு ஈரத்தில் இருப்பதால் பலகை வளைந்து, பக்கத் தண்டவாளத்தில் உருளை இறுகத் தொடங்குகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தேய்த்து மெருகு பூசும் பொறுமை உள்ளவர்களுக்கே மரக்கதவு ஒத்துவரும். அந்தப் பொறுமை என்னிடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சியவற்றில் அலுமினியம் இன்னும் இலேசானதுதான், ஆனால் அதில் சொட்டை எளிதில் விழும். எனவே உங்கள் வீட்டுக்கு என் பரிந்துரை துத்தநாகம் பூசிய எஃகு, அதாவது ஜி.ஐ. தகடு. வாசற்கதவோடு பொருந்த வேண்டுமென்றால் மர இழை போலவே அழுத்தி வண்ணமிட்ட தகடுகள் கிடைக்கின்றன. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. வாங்கும்போது கேஜ் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும்: 24 கேஜ் என்றால் சுமார் 0.6 மி.மீ., 28 கேஜ் என்றால் சுமார் 0.4 மி.மீ. தடிமனை மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடையில் நிற்கும் மாதிரிக் கதவின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தகரடப்பாவைப் போல ‘டப்’ என்று உள்ளே போய் வெளியே வந்தால், பிள்ளைகள் அடிக்கும் முதல் பந்திலேயே அது சொட்டை விழும்.

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஐந்தாண்டுகளுக்கு முன் போட்ட எஃகுக் கதவின் அடிப்பக்கம் துருப்பிடித்து உதிர்கிறது. துத்தநாகப் பூச்சு இருப்பதால் துருவே பிடிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். அடுத்த கதவையும் எஃகிலேயே போடலாமா?

பதில்: விற்றவர் சொன்னதில் பாதி உண்மை. துத்தநாகம் எஃகை மூடிக் காப்பதோடு நிற்பதில்லை. தகட்டில் கீறல் விழுந்தால், எஃகுக்கு முன்பாகத் தானே அரிபட்டு அதைக் காக்கிறது. ஆனால் அந்தப் பூச்சு சில மைக்ரான் கனமே உள்ளது. உப்புக்காற்று அதை விரைவாகத் தின்றுவிடும். தீர்ந்த இடத்தில் எஃகு வெறுமையாகிவிடும். தகட்டை வெட்டிய ஓரங்களிலும், திருகாணிக்காகத் துளைத்த இடங்களிலும்தான் இது முதலில் நடக்கிறது.

உங்கள் கதவுக்கு முன் மண்டியிட்டு, அடிவிளிம்பில் ரப்பர் பட்டை செருகியிருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். மழை நீரும் மணலும் உப்பும் அங்கேதான் தங்கும். இன்னும் உதிராத பகுதியில் வண்ணத்துக்கு அடியில் கடுகளவுக் கொப்புளங்கள் வரிசையாகத் தெரியும். நகத்தால் கீறினால் செம்பழுப்புத் தூள் கொட்டும். மேலே தகடு பளபளப்பாகவே இருந்திருக்கும். கதவு கெடுவது பெரும்பாலும் கீழிருந்துதான் என்பதால், எந்தப் பொருளில் வாங்கினாலும் அடிவிளிம்பு எப்படி முடிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

உங்கள் இடத்துக்கு அலுமினியமே சரி. காற்றுப் பட்டதும் அதன் மேல் தானாகவே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. எஃகைப் போல அடுக்கடுக்காக உதிர்வதில்லை. இருந்தாலும் உப்பு தொடர்ந்து படிந்தால் அதிலும் வெண்மையான பொடி பூத்துச் சிறு குழிகள் விழும். ஆகவே அனோடைஸ் செய்ததையோ (அதாவது மின்சாரம் செலுத்தி அந்த ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கியதையோ), நல்ல பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைத்த வண்ணப்பூச்சு) உள்ளதையோ தேர்ந்தெடுங்கள்.

இதில் பலரும் சறுக்குவது திருகாணியில்தான். துரு ஏறாது என்று துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை அலுமினியத்தில் நேரடியாக முடுக்குவார்கள். இரு வேறு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் போலாகி, திருகாணியைச் சுற்றியுள்ள அலுமினியம் அரிக்கப்படும்; சில ஆண்டுகளில் துளை பெரிதாகித் திருகாணி தளர்ந்து ஆடும். இடையில் நைலான் வாஷர் வைத்து, துளைக்குள் காப்புப் பசை இட்டு முடுக்கச் சொல்லுங்கள்.

அலுமினியத்தில் சொட்டை எளிதில் விழும் என்பது உண்மைதான். வெப்பத்தில் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதும் உண்மை. இரண்டு கார்களுக்கான 5 மீட்டர் அகலக் கதவில், 40 டிகிரி செல்சியஸ் வெப்ப வேறுபாட்டுக்குச் சுமார் 4.6 மி.மீ. நீளும். அந்த இடைவெளியைப் பக்கங்களில் விட்டுப் பொருத்தாவிட்டால் நண்பகலில் கதவு உரசும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கதவைக் கழுவுங்கள். மழை படாத நிழற்கூரையின் கீழ் இருக்கும் கதவுக்கு இது இன்னும் அவசியம், ஏனெனில் அதில் படியும் உப்பைக் கழுவிவிட மழையும் வருவதில்லை.

கேள்வி: கராஜுக்கு மேலே எங்கள் படுக்கையறை உள்ளது. மாலையில் தரையே சுடுகிறது. கதவு மேற்கு நோக்கியது, கரும்பழுப்பு நிறம். பொருளை மாற்றினால் சரியாகுமா?

பதில்: பொருளை மாற்றுவதைவிட, இரட்டைத் தகட்டுக்கு நடுவே நுரை நிரப்பிய கதவுக்கு மாறுவதே பயன் தரும். வெறும் எஃகானாலும் வெறும் அலுமினியமானாலும் ஒற்றைத் தகடு வெப்பத்தை அப்படியே உள்ளே விடும். நுரையிலும் தெர்மாகோல் பலகையைச் செருகியது, பாலியூரித்தேனை ஊற்றி நிரப்பியது என இரு வகை உண்டு. ஒரே கனத்தில் பின்னது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். இரு தகடுகளோடும் ஒட்டிக்கொள்வதால் கதவுக்கு விறைப்பும் கிடைக்கும், திறக்கும்போது கடகடப்பும் குறையும். வெளி நிறத்தை வெளிர் நிறமாக மாற்றுங்கள். பக்கங்களிலும் அடியிலும் ரப்பர் பட்டை முழுமையாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள்; விரல் நுழையும் இடைவெளி இருந்தால் நுரைக்குச் செலவிட்டது பாதி வீண். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அப்படி இறுக மூடிய கராஜுக்குள் கார் எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது; அது மேலே படுக்கையறை வரை ஏறும்.

கேள்வி: ஃபைபர் கிளாஸ் கதவு நல்லதா?

பதில்: எடை குறைவு, துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது. ஆனால் ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் மஞ்சளித்து மேற்பரப்பு பொரிந்துபோகும். கடுங்குளிரில் அடிபட்டால் விரிசல் விடும். நிழலான பக்கத்துக்குப் போடலாம். நேர் வெயிலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: இருபது ஆண்டுகளாக இருந்த மரக்கதவை எடுத்துவிட்டு அலுமினியக் கதவு போடப்போகிறோம். ஸ்பிரிங்கைச் சென்ற ஆண்டுதான் மாற்றினோம். அதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் பொருத்துபவர். சரியா?

பதில்: சரியல்ல. ஸ்பிரிங் என்பது கதவின் எடைக்கு ஈடாக முறுக்கி வைத்த விசை. நூறு கிலோவுக்கு மேற்பட்ட கதவுக்காக அமைத்த ஸ்பிரிங், அதில் கால்பங்கு எடையுள்ள கதவைக் கையை விட்டதும் மேலே வீசி எறியும். மோட்டாரோ அதைக் கீழே இழுக்கத் திணறும். புதுக் கதவை எடை போட்டு அதற்கேற்ற ஸ்பிரிங்கையே போட வேண்டும். பொதுவாகப் பொருத்தப்படும் ஸ்பிரிங் சுமார் 10,000 முறை திறந்து மூடுவதைத் தாங்கும். நாளொன்றுக்கு நான்கு முறை என்றால் ஏழு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. முறுக்கிய ஸ்பிரிங்கில் நீங்களே கை வைக்காதீர்கள். எலும்பை முறிக்கும் விசை அதில் அடங்கியிருக்கிறது.

வேலை முடிந்ததும் இரண்டு சோதனைகளைப் பொருத்துபவர் முன்னிலையிலேயே செய்துவிடுங்கள். மோட்டார் இணைப்பை விடுவித்து, கதவைக் கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி மெல்ல விடுங்கள். ஏறாமலும் இறங்காமலும் அப்படியே நின்றால் எடையும் விசையும் சமமாக உள்ளன என்று பொருள். பிறகு மோட்டாரை இணைத்து, கதவு இறங்கும் வழியில் சுமார் 4 செ.மீ. கனமுள்ள மரக்கட்டையைப் படுக்கவைத்துக் கதவை மூடுங்கள். கட்டையைத் தொட்டவுடன் கதவு திரும்பி மேலே போக வேண்டும். போகாவிட்டால் மோட்டாரின் விசையளவு இன்னும் பழைய மரக்கதவுக்கு உரியதாகவே இருக்கக்கூடும், அதைச் சரிசெய்யும் வரை கூலியைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.