கதவில் தொங்கும் அட்டையும் கைபேசிக் கேமராவும்

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து இரண்டு மாதமாகிறது. மாப்பிள்ளை வேலைக்குப் போய்விடுவார். மகளும் குழந்தையும் தூங்கும் நேரத்தில் எல்லாம் நான்தான். கடையிலும் வீட்டிலும் எங்கே பார்த்தாலும் ஜெர்மன். கைபேசிக் கேமராவைக் காட்டினால் தமிழில் வரும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சில நேரம் நன்றாக வருகிறது, சில நேரம் உளறுகிறது. சோப்புத் திரவம் என்று நினைத்துத் துணியை மென்மையாக்கும் திரவத்தில் ஒரு வாரம் துவைத்திருக்கிறேன். நேற்று வாசல் கதவில் யாரோ ஓர் அட்டையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேமரா ‘கூட்டும் வாரம்’ என்கிறது. கேலி செய்கிறார்களா? இந்தக் கேமராவை எவ்வளவு நம்பலாம்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் திரவ விஷயத்தை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அங்கே புதிதாகப் போன பலரும் மாற்றி எடுப்பதுதான்.

கேமரா இரண்டு வேலை செய்கிறது. முதலில் எழுத்தைப் படிக்கிறது, அப்புறம் மொழிபெயர்க்கிறது. உளறல் பெரும்பாலும் முதல் வேலையில்தான் தொடங்கும். பாட்டில் வளைவாக இருந்தால் ஓரத்து எழுத்துகள் நசுங்கித் தெரியும். பளபளப்பான உறையில் விளக்கொளி பட்டால் பாதி எழுத்தை விழுங்கிவிடும். அதனால் ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், பாட்டிலைக் கொஞ்சம் சாய்த்து, வளைவைத் திருப்பித் திருப்பி இரண்டு மூன்று படங்களாக எடுங்கள். கேமராவை நீட்டியபடியே படித்தால் சொற்கள் துள்ளிக்கொண்டே இருக்கும். படமாக எடுத்துவிட்டால் நிற்கும். மொழியைத் தானாகக் கண்டுபிடிக்க விடாமல் ஜெர்மன் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். தமிழில் குழப்பமாக வந்தால் அதே படத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள், பல நேரம் தெளிந்துவிடும். ஜெர்மன், தமிழ் இரண்டு மொழிகளையும் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் கிடைக்காத கடைக்குள்ளும் கை கொடுக்கும்.

உங்களுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும் என்றால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எழுத்து ஒன்றாக இருப்பதால் ஆங்கிலச் சொல் என்றே தோன்றும். ‘கிஃப்ட்’ என்று ஒரு பாட்டிலில் இருந்தால் அது பரிசு இல்லை. ஜெர்மனில் அந்தச் சொல்லுக்கு விஷம் என்று பொருள். பாலாடைக்கட்டி உறையில் எல், ஏ, பி என்று மூன்றெழுத்து இருந்தால் ஆய்வுக்கூடம் இல்லை, பாலைத் திரிய வைக்கும் பொருள். அது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்தும் எடுக்கப்படுவது உண்டு. நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால் பன்றி, மாடு, ஜெலட்டின் ஆகியவற்றுக்கான ஜெர்மன் சொற்களை மகளிடம் கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பத்துச் சொல் கண்ணில் பழகிவிட்டால் கடையில் கேமராவை எடுக்க வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

மருந்து மட்டும் தனி. அங்கே தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். 2,5 மி.லி. என்றால் இரண்டரை மில்லி. கேமரா அந்தச் சின்னக் கோட்டைத் தவறவிட்டால் 25 ஆகிவிடும், பத்து மடங்கு! கையெழுத்தில் எழுதியிருந்தால் இன்னும் சிக்கல். ஜெர்மானியர் 1 எழுதும்போது முன்னால் நீளமாக ஒரு கோடு இழுப்பார்கள், நம் கண்ணுக்கு 7 மாதிரியே தெரியும். அவர்களுடைய 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு இருக்கும். ஆகவே பேத்தியோ பேரனோ, குழந்தைக்குக் கொடுக்கும் எந்த மருந்தின் அளவையும் கேமரா சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தூங்கினாலும் பரவாயில்லை, மகளை எழுப்பிக் கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். இல்லையென்றால் சிவப்பு நிறத்தில் பெரிய ‘ஏ’ எழுத்துப் பலகை தொங்கும் மருந்துக்கடைக்குப் பெட்டியோடு போங்கள். அளவைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் கேமராவைத் தேடிக்கொண்டிருக்காமல் 112-ஐ அழையுங்கள்.

சரி, கதவு அட்டைக்கு வருகிறேன். யாரும் கேலி செய்யவில்லை. கேமரா சரியாகத்தான் படித்திருக்கிறது, சொல்லின் அர்த்தமும் சரி. ஊர் வழக்கம்தான் அதற்குத் தெரியாது. ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வாபியப் பகுதியில் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் முறை வைத்துப் பொதுப் படிக்கட்டைச் சுத்தம் செய்வது பழைய பழக்கம். அதன் பெயர் ‘கேர்வோஹெ’. அட்டை யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் அவர்கள் முறை. நம் ஊரில் வாசல் தெளிப்பது மாதிரி, அங்கே இதை அக்கம்பக்கத்தார் கவனிப்பார்கள். சில கட்டடங்களில் வெளியே நடைபாதையும் சேரும், எதுவரை என்று மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டித் துடைத்து முடித்ததும், வாரக் கடைசியில் அந்த அட்டையை எடுத்து அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுங்கள்.