டயரைத் தடவிப் பாருங்கள், ரிப்போர்ட்டை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: முன் டயர் இரண்டும் மாற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உள்பக்க ஓரம் மட்டும் மொட்டையாகிவிட்டது. வெளியே நின்று பார்த்தால் பட்டன் (ரோட்டில் படுகிற வரிப்பகுதி) நன்றாகவே இருக்கிறது. வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தை மெஷினில் அளந்து சரிசெய்வது) தவறாமல் பார்க்கிறேன். டயர் கம்பெனியைத் திட்டுவதா, என்னையே திட்டிக்கொள்வதா?

பதில்: இரண்டு பேரையும் விட்டுவிட்டு டயரைத் தடவிப் பாருங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து நிறுத்தினால் உள் ஓரம் வரை கை போகும். (கம்பி வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள், கிழித்துவிடும். வந்திருந்தால் தடவிப் பார்க்கவே வேண்டாம், டயரை உடனே மாற்ற வேண்டியதுதான்.) உள்ளங்கையைப் பட்டன் மேல் குறுக்காக, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை, உள்ளேயிருந்து வெளியே ஒரு முறை இழுங்கள். ஒரு திசையில் வழுவழுவென்று போய், எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி கையைப் பிடித்தால் கோளாறு டோவில். இரண்டு திசையிலும் வழவழப்பாக இருந்து, ஓரம் மட்டும் சரிவாக இறங்கியிருந்தால் கேம்பரைச் சந்தேகப்படலாம்.

டோ என்பது, மேலிருந்து பார்க்கும்போது முன் சக்கரங்கள் இரண்டும் லேசாக உள்ளே பார்த்து நிற்கின்றனவா, வெளியே பார்த்து நிற்கின்றனவா என்ற கணக்கு. அளவுக்கு மேல் வெளியே பார்த்தால் உள் ஓரம் தேயும், உள்ளே பார்த்தால் வெளி ஓரம் தேயும். டயரை வேகமாகத் தின்பது இந்த டோதான். ஒரு சக்கரம் வெறும் 0.2 டிகிரி திரும்பி நின்றால்கூட, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதைச் சுமார் 3.5 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகிற கணக்கு வருகிறது. டயர் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் அத்தனையும் அப்படியே தேய்மானமாகிவிடாது, ஆனாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று யோசித்தால் உங்கள் டயர் எங்கே போனது என்று புரியும். கேம்பர், சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது. பல கார்களில் கம்பெனியே லேசாக உள்ளே சாய்த்துத்தான் வைக்கிறது, அதனால் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று பதற வேண்டாம்.

சரி, தவறாமல் அலைன்மென்ட் பார்த்தும் ஏன் இப்படி? மெஷின் அளப்பது நிற்கிற வண்டியை. லோயர் ஆர்மில் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) உள்ள ரப்பர் புஷ் கிழிந்திருந்தாலோ, டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை), பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்ப இடம் கொடுக்கும் குண்டு மூட்டு) ஏதாவது ஆட்டம் கண்டிருந்தாலோ, நிற்கும்போது எல்லாம் பச்சையாகத்தான் காட்டும், ரோட்டில் பிரேக் பிடித்த உடனே சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். ஆடுகிற பாகத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது வீண் வேலை. அடுத்த முறை போகும்போது, ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, புஷ்ஷையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் மெஷினில் ஏற்றச் சொல்லுங்கள். பார்க்காமலே ஏற்றினால் வேறு இடம் தேடுங்கள்.

கேள்வி: நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கை விட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. இரண்டு முறை டோ சரிசெய்தார்கள். இழுப்பு போகவே இல்லை.

பதில்: போகாது. முன் சக்கர டோ தப்பாக இருந்தால் டயர் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், வண்டி ரோட்டில் ஒழுங்காக நிற்காமல் அலையும், ஆனால் ஒரே பக்கமாகத் தொடர்ந்து இழுப்பதற்கு அது காரணமாக இருப்பது அபூர்வம். ஏனென்றால் ஓடும்போது இரண்டு சக்கரங்களும் அந்த வித்தியாசத்தைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும்.

முதலில் காற்று. நான்கு டயரிலும் குளிர்ந்த நிலையில் பாருங்கள், ஒன்றில் குறைந்திருந்தாலே இழுக்கும். அப்புறம் ரோடு. மழைத் தண்ணீர் வடிவதற்காக நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்தித்தான் ரோடு போடுகிறார்கள், அதனால் ஓரத்துப் பக்கம் மெதுவாக ஒதுங்குவது கோளாறே இல்லை. சமதளமான இடத்தில் போகிற திசையிலும் வருகிற திசையிலும் ஓட்டிப் பார்த்து, இரண்டிலும் ஒரே பக்கம் இழுத்தால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள் (ஒரே திசையில்தான் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் முன்னதைப் பின்னுக்கு மாற்றுங்கள்). இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினாலோ காணாமல் போனாலோ குற்றவாளி டயர். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, உள்ளே பெல்ட் (பட்டனுக்கு அடியில் இருக்கும் கம்பி அடுக்கு) லேசாக விலகியிருக்கும், எந்த அலைன்மென்ட் மெஷினும் அதைக் காட்டாது. மாற்றியும் அதே பக்கம் இழுத்தால், அதிகம் பிரேக் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன் சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்தபடியே நிற்கிறது. இதெல்லாம் தாண்டிய பிறகுதான் கேம்பர், காஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது, சக்கரம் திரும்புகிற அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு). கேம்பர் எந்தப் பக்கம் கூடுதலாக வெளியே சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமும், காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கமும் வண்டி இழுக்கும். இங்கே கவனிக்க வேண்டியது இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம்.

கேள்வி: 90 தாண்டினால் ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. அலைன்மென்ட் போய்விட்டதா?

பதில்: இல்லை. பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது) பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ரிம் நெளிந்திருக்கிறதா, டயரில் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வண்டி நேராகத்தான் போகிறது, ஆனால் ஸ்டீயரிங் கோணலாக இருக்கிறது. ஸ்டீயரிங்கை மட்டும் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: கூடவே கூடாது. அது கோளாறை மறைக்கிற வேலை. ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி வைத்துவிட்டு, இரண்டு பக்க டை ராடையும் தனித்தனியாகத் திருகி அளவுக்குக் கொண்டுவருவதுதான் முறை. ஒரு பக்கத்தை மட்டும் திருகி மொத்தக் கணக்கை ஒப்பேற்றினால் டோ சரியாக இருக்கும், ஸ்டீயரிங் கோணிக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

இன்னொரு காரணம் பின்னால் இருக்கிறது. பின் சக்கரங்கள் வண்டியின் நடுக்கோட்டை விட்டு ஒரு பக்கம் பார்த்து நின்றால், அவை தள்ளுகிற திசைக்கு ஈடுகட்ட நீங்கள் ஸ்டீயரிங்கை எப்போதும் கொஞ்சம் திருப்பிப் பிடித்தபடியே ஓட்டுவீர்கள், தெரியாமலே. பல சின்ன கார்களில் பின்னால் திருக ஒன்றும் கிடையாது, ஆனாலும் நான்கு சக்கரத்தையும் அளந்தால்தான் இது தெரியவரும். "பின்னால அட்ஜஸ்ட்மென்ட்டே இல்ல, அளந்து என்ன பண்ண" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இஎஸ்பி (வண்டி சறுக்காமல் தானாகவே பிரேக் பிடித்து நிலைப்படுத்தும் வசதி) உள்ள வண்டியாக இருந்தால், வேலை முடிந்ததும் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ரீசெட் செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். பல வண்டிகளில் அவசியம், விட்டுவிட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியலாம்.

கேள்வி: பிரிண்ட் அவுட் கொடுக்கிறார்கள். சிவப்பு, பச்சை தவிர ஒன்றும் புரியவில்லை.

பதில்: செய்வதற்கு முன், செய்த பின் என்று இரண்டு வரிசை இருக்கும். செய்வதற்கு முந்தைய வரிசையைத்தான் நான் முதலில் பார்ப்பேன், டயர் தேய்ந்த கதை அதில்தான் இருக்கிறது. 0°12' என்று போட்டிருந்தால் 12 நிமிடம், அதாவது 60-ல் 12 பங்கு, 0.2 டிகிரி. உங்கள் கார் மாடல்தான் தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா என்று மேலே பாருங்கள், வேறு மாடல் அளவுக்குச் செட் செய்தாலும் பச்சை எரியும். பல கார்களில் முன்னால் டோ மட்டும்தான் திருகலாம். கேம்பர் சிவப்பிலேயே நிற்கிறது, அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்றால், பள்ளத்தில் விழுந்து ஸ்ட்ரட்டோ (சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்) ஆர்மோ வளைந்திருக்கும். அதற்கு மருந்து மெஷினில் இல்லை.

கேள்வி: டயர்களை முன் பின் மாற்றிப் போட்டால் அலைன்மென்ட்டும் செய்ய வேண்டுமா?

பதில்: தேவையில்லை, சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதால் கோணம் மாறாது. ஆனால் மாற்றும்போது தேய்ந்த ஓரம் கண்ணில் பட்டால் அன்றைக்கே அளந்துவிடுங்கள், இல்லாவிட்டால் முன்னால் வந்த நல்ல டயரும் அதே வழியில் போகும். மற்றபடி வருஷத்துக்கு ஒருமுறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, பெரிய பள்ளத்தில் இடித்தால் உடனே, டை ராட் எண்ட் மாற்றினால் கட்டாயம்.